சாதுக் கிருமியும் தற்கொலை மாத்திரையும்

நம்மில் பலருக்கு இடது தோளில் ஒரு தழும்பு உண்டு. காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசி போட்ட இடம். உலகிலேயே அந்த ஊசிக்கு வைத்த மிகப் பெரிய பரீட்சை, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்தது. 1968-இல் திருவள்ளூர் வட்டாரத்தில் தொடங்கிய அதில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். 1979-இல் வெளியான முடிவு: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை! குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காப்பதால் இன்னும் போடுகிறோம்.

ஏன் தோற்றது? சந்தேகம் நம்மூர்க் காசநோய்க் கிருமி மேலும் விழுந்தது. சென்னைக் கிருமிகள் பிரிட்டன் கிருமிகளைவிடக் கினிப்பன்றிகளிடம் சாதுவாக நடந்துகொண்டதை 1960-இலேயே கண்டிருந்தார்கள். மனிதர்களிடம் சாது என்று யார் சொன்னது? அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் மாத்திரை அப்படியே கிருமியைக் கொல்லாது. கிருமிக்குள் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதிதான் அதை விஷமாக்குகிறது. கிருமி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறது! அந்த நொதி கெட்டுப்போன கிருமியோ பிழைத்துக்கொள்கிறது. நொதி நன்றாக இருந்தால், வளர்த்த கிருமிமேல் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியதும் நுரை பொங்க வேண்டும். பொங்காவிட்டால் ஆய்வகக்காரர் முகம் சுளிப்பார். அந்த நொதிக்கான மரபணு 1992-இல் பிடிபட்டது. கிருமி மருந்தை எதிர்க்க வேறு வழிகளும் உண்டு.

இந்தக் கிருமி இரண்டாகப் பெருக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். மருந்து கேட்குமா என்று வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது சளியிலேயே மரபணுவைத் தேடும் கருவி, ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு காசநோய் மருந்துக்கு எதிர்ப்பு உண்டா என்பதை இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. ஐசோனியாசிடுக்குத் தனிச் சோதனை.