ஞானப்பல்லுக்கு யாரிடம் போவது?

ஞானப்பல் குறுக்கே முளைத்துக் கன்னம் வீங்கிவிட்டது. பல் டாக்டரோ, "முகத்தாடை அறுவை நிபுணரைப் பாருங்க" என்கிறார். பி.டி.எஸ். முடித்து, அந்தப் பிரிவில் மேலும் 3 ஆண்டு எம்.டி.எஸ். படித்தவர் இந்த நிபுணர். பெயர்ப்பலகையில் எம்.டி.எஸ். என்று மட்டும் பார்த்து உள்ளே போய்விடாதீர்கள். பல்லுக்குக் கம்பி கட்டுகிறவருக்கும் எம்.டி.எஸ். உண்டு. எந்தப் பிரிவு என்று கூசாமல் கேளுங்கள்.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. சிலருக்கு ஞானப்பல்லின் வேர் அதை ஒட்டியே இருக்கும். பல்லை எடுக்கும்போது நரம்பு நசுங்கினால் கீழுதடு மரத்துப்போகும். காபி வழிவதுகூடத் தெரியாது. வேர் நரம்பை ஒட்டியிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கத்தான் முழுத்தாடையும் தெரிகிற ஓ.பி.ஜி. எக்ஸ்ரே.

சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கத்திலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் முகத்தாடை அறுவைக்கென்றே துறை இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்துச் சீட்டையும் கொண்டுபோங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.