சால்வையின் கரையும் கைக்கு வரும் காசும்



கிராமத்திற்குக் கைத்தொழில் வேண்டும் என்று பலரும் கூறுகின்றனர். அத்தொழிலின் விலை செய்தவர் கைக்குக் காசாக வந்து சேர வேண்டும் என்பதையும் நாம் உடன் கூறுதல் வேண்டும். இதனை விளக்க ஒரு கம்பளிச் சால்வையின் கரையை எடுத்துக்கொள்வோம்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து என்னும் தீவுக் கூட்டம் உள்ளது. சிறு நிலம் உழுது, மீன் பிடித்து, ஆடு வளர்த்து வாழ்ந்த மக்கள் அவர்கள். ஆட்டின் கழுத்துப் பக்கத்து மென்மயிரைக் கத்தரியாமல் கையால் பறித்து நூற்று, பெண்கள் சால்வை பின்னினர். மோதிரத்தின் வழியே இழுத்துவிடத் தக்க மெல்லிய சால்வைகளும் அவற்றுள் உண்டு.

சால்வையின் சுற்றோரத்தில் பல் பல்லாக அமையும் பின்னலே கரை. சிலர் இதனை முதலில் நீண்ட பட்டையாகப் பின்னி, அதிலிருந்து உள்நோக்கிப் பின்னுவர். சிலர் இறுதியில் சேர்ப்பர். இறுதியில் சேர்க்கும்போது இரண்டு வரிசைக்கு ஒரு முறை, கரையின் கடைசிக் கண்ணியைச் சால்வையின் ஒரு கண்ணியோடு சேர்த்துப் பின்ன வேண்டும். ஒரு பல்லுக்கு 16 வரிசை என்றால் சால்வையின் 8 கண்ணிகள் அதில் அடங்கும். ஒரு பக்கத்தில் 400 கண்ணிகள் இருப்பின் 50 பற்கள் அமையும். இக்கணக்கை முன்னரே போட்டுக்கொள்ளல் நன்று. மூலைகளில் சில வரிசைகள் கூடுதலாகப் பின்ன வேண்டும். இன்றேல் மூலை சுருங்கிக் கிண்ணம்போல் குவியும்.

கரை அழகுக்கு மட்டும் அன்று. சால்வையைத் துவைத்து, ஈரத்தோடு ஒவ்வொரு பல்லிலும் நூல் கோத்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவர். உலர்ந்தபின் அது சதுரமாக நிற்கும். கரை இறுகிவிட்டால் சால்வை முழுவதும் கோணும்.

இத்தனை நுட்பமான வேலைக்குக் கிடைத்தது யாது? வணிகர் பெரும்பாலும் காசு தரவில்லை. தேயிலையும் துணியும் தந்தனர். உணவு மாவுக்குக் காசு வேண்டிய பெண்கள், அத்தேயிலையை அண்டை வீடுகளில் கொடுத்து மாவு பெற நேர்ந்தது. 1872இல் வில்லியம் கத்ரி என்னும் அரசு ஆணையர் தீவுக்குச் சென்று, பின்னல் வேலை செய்த பெண்களின் சாட்சியத்தையும் பதிவு செய்தார். வீட்டிலிருந்து பின்னி விற்போருக்கும் விலையைக் காசாகவே தர வேண்டும் என 1887ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. எனினும் பழைய வழக்கம் உடனே மறையவில்லை. வாங்குவோர் சிலரே என்னும் நிலையில் தனித்து நிற்பவரால் சட்டத்தை எடுத்துக் காட்டவும் இயலாதன்றோ?

ஆகவே ஊராட்சி உறுப்பினர்களே, உங்கள் ஊரில் கூடை முடைவோரும் பாய் நெய்வோரும் தையல் வேலை செய்வோரும் இருப்பின் மூன்றைக் கேட்டறியுங்கள். விலை காசாக வருகிறதா? கணக்கு எழுத்தில் உள்ளதா? மூலப் பொருளைக் கடனாகத் தருபவரே விலையையும் தீர்மானிக்கிறாரா? குறை காணின், அவர்கள் குழுவாகச் சேர்ந்து விற்க வழி செய்யுங்கள். கரை செம்மையாக அமைந்தால் சால்வை நேராக நிற்கும். கணக்கு செம்மையாக அமைந்தால் தொழில் நிலைத்து நிற்கும்.