கடனாளிப் பெண்ணுக்கு எந்தச் சட்டம்?

(நுண்நிதிக் கடன்களும் கடன் ஒழுங்குமுறைச் சட்டங்களும் குறித்துக் கட்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வாரத் தவணை கட்டத் தவறிய ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் நுண்நிதி நிறுவனத்தின் வசூல் ஊழியர் வந்து அமர்ந்துவிடுகிறார். குழுவிலுள்ள மற்ற நான்கு பெண்களையும் அவர் உடன் அழைத்து வந்திருக்கிறார். பணம் வராமல் எழமாட்டேன் என்கிறார். அந்தப் பெண் காவல் நிலையத்துக்குச் சென்றால், இது கொடுக்கல் வாங்கல் விவகாரம், சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்றால், அது ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனம், மாநில அரசுக்கு அதன் மீது அதிகாரமில்லை என்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளைப் புரட்டினால், வட்டி விகிதத்தை அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது.

நாட்டில் இப்படி அலையும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் அலைவது அதிகாரிகளின் அலட்சியத்தால் மட்டும் அன்று. ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு காலத்தில் சட்டப்படியே சாத்தப்பட்டது. எந்தக் கதவு எப்போது, யாருக்காகச் சாத்தப்பட்டது என்பதே இந்த உரையின் பொருள்.

1855ஆம் ஆண்டில் கம்பெனி ஆட்சி, வட்டிக்கு உச்சவரம்பு விதித்திருந்த சட்டங்களை நீக்கியது. இங்கிலாந்தில் அதற்கு முந்தைய ஆண்டுதான் அத்தகைய சட்டங்கள் நீக்கப்பட்டிருந்தன. லண்டனில் பிறந்த கொள்கை ஓராண்டுக்குள் தக்காணத்தின் வறண்ட நிலத்துக்கு வந்து சேர்ந்தது. 1859இல் வந்த காலவரையறைச் சட்டம் கடன் பத்திரத்தின் ஆயுளை மூன்றாண்டாக்கியது. கடனாளியைக் காப்பதே அதன் நோக்கம் என்று சொல்லப்பட்டது. ஆனால் மூன்றாண்டு முடியுமுன்னே லேவாதேவிக்காரர் பாக்கி வட்டியை முதலோடு சேர்த்துப் புதிய பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார். கையெழுத்து மட்டும் புதிது, கடன் பழையது. பழைய கடனை அடைக்கவே புதிய கடன் வழங்கும் இன்றைய நுண்நிதி வழக்கத்தைத் தோழர்கள் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1875 மே மாதம் 12ஆம் நாள் புனே மாவட்டத்தின் சூபா என்னும் ஊரில் உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவியது. அவர்கள் தேடியது பொன்னையோ தானியத்தையோ அன்று; பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும் தேடி எரித்தார்கள். கேட்டவுடன் பத்திரத்தைக் கொடுத்துவிட்டவரைப் பெரும்பாலும் தீண்டவில்லை. எழுத்தறியாத அந்த மக்கள் தங்களைக் கட்டியிருந்த கயிறு எது என்பதைத் துல்லியமாக அறிந்திருந்தனர். அதன் விளைவாக வந்ததுதான் 1879ஆம் ஆண்டின் தக்காண உழவர் நிவாரணச் சட்டம். பத்திரத்தில் எழுதிய தொகையோடு நின்றுவிடாமல், கொடுக்கல் வாங்கலைத் தொடக்கத்திலிருந்து நீதிமன்றம் ஆராயலாம் என்றது அச்சட்டம். கடனுக்காக உழவரைச் சிறையிலடைப்பதையும் அது தடுத்தது. 1918இல் இந்தக் கோட்பாடு நாடு முழுமைக்குமான சட்டமாயிற்று. வட்டி மிகையானது, ஒப்பந்தம் நியாயமற்றது என்று கண்டால் நீதிமன்றம் கணக்கைத் திறந்து பார்த்துக் குறைக்கலாம். பஞ்சாபில் 1934இலும் சென்னை மாகாணத்தில் 1938இலும் கடன் நிவாரணச் சட்டங்கள் வந்தன. விடுதலைக்குப் பின் வகுக்கப்பட்ட அரசியல் சாசனம், லேவாதேவியையும் விவசாயக் கடன் நிவாரணத்தையும் மாநிலப் பட்டியலின் 30ஆம் இனத்தில் வைத்தது.

இச்சட்டங்கள் மட்டுமே ஏழையைக் காப்பாற்றிவிட்டன என்று எவரும் கருத வேண்டியதில்லை. 1950களின் தொடக்கத்தில் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, கிராமப்புறக் கடனில் ஏறத்தாழ 70 சதவீதம் வட்டிக்காரர்களிடமிருந்தே வந்ததெனக் கண்டது. சட்டம் வட்டிக்காரரைத் தடுத்தது. மாற்றுக் கடனை எவரும் தரவில்லை. 1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டதன் பொருளை இந்தப் பின்னணியில் வைத்தே உணர வேண்டும்.

முதற் கதவு சாத்தப்பட்டது 1984இல். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ என்னும் பிரிவு அப்போது நடைமுறைக்கு வந்தது. வங்கி விதிக்கும் வட்டி மிகையானது என்ற காரணத்துக்காக எந்த நீதிமன்றமும் கணக்கைத் திறந்து பார்க்கக் கூடாது என்பதே அப்பிரிவு. சூபா உழவர்கள் நெருப்பு மூட்டிப் பெற்ற உரிமை, வங்கிக் கடனைப் பொறுத்தவரை ஒரு பத்தியில் மறைந்தது. அன்று பெரிய வங்கிகள் பொதுத்துறையில் இருந்தன, வட்டியை ரிசர்வ் வங்கி நிர்ணயித்தது; ஆகவே எவரும் பெரிதாக அதிரவில்லை. பின்னர் தாராளமயம் வந்து வட்டி நிர்ணயம் கைவிடப்பட்டது. பிரிவு 21ஏ மட்டும் அப்படியே இருக்கிறது. கடன் அட்டைப் பாக்கிக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நேர்மையற்ற வணிகமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்துவிட்டது.

இனி ஆந்திரம். 2006ஆம் ஆண்டிலேயே கிருஷ்ணா மாவட்ட நிர்வாகம், நெருக்கடி வசூலுக்காக நுண்நிதி நிறுவனங்களின் கிளைகளை மூடியது. அது முன்னறிவிப்பு. 2010 ஆகஸ்டில் அத்துறையின் மிகப் பெரிய நிறுவனமான எஸ்.கே.எஸ். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. குடிசைப் பெண்கள் கட்டிய வாரத் தவணை, சந்தையில் விலை கூறப்படும் பண்டமாயிற்று. ஒரே பெண்ணுக்கு நான்கைந்து நிறுவனங்கள் கடன் கொடுத்தன. ஒன்றின் தவணைக்கு மற்றொன்றின் கடன். தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. ஆண்டு முடிவதற்குள் அது சட்டமாகவும் ஆனது. ஒவ்வொரு நிறுவனமும் மாவட்டத்தில் பதிவு செய்ய வேண்டும், வட்டியின் மொத்தம் முதலைத் தாண்டக் கூடாது, வாரத் தவணை கூடாது, வசூல் ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடத்தில்தான் நடக்க வேண்டும் என்றது அச்சட்டம். நிறுவனங்களின் வசூல் சரிந்தது.

ஒன்றிய நிதித்துறையும் ரிசர்வ் வங்கியும் பதறின. மாலேகாம் குழு அமைக்கப்பட்டது. அது 24 சதவீத உச்சவரம்பைப் பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கி 2011இல் 26 சதவீதம் என நிர்ணயித்தது. ஒருவருக்கு இரண்டு நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக் கூடாதென்ற விதியும் வந்தது. இவை போதுமானவை அல்ல. ஆயினும் வரம்பு என்று ஒன்று இருந்தது.

2022 மார்ச் 14இல் ரிசர்வ் வங்கி அந்த வரம்பை எடுத்துவிட்டது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்கு ஈடின்றித் தரப்படும் கடனே நுண்நிதிக் கடன். அதன் வட்டியை நிறுவனமே முடிவு செய்யலாம். ஆனால் கந்துவட்டியாக இருக்கக் கூடாது என்றது புதிய விதி. கந்துவட்டி என்பது எத்தனை சதவீதம்? விதியில் இல்லை. இங்கே மொழியைப் பற்றி ஒரு சொல். 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு மிகைவட்டித் தடைச் சட்டத்தின் ஆங்கில வாசகத்தைப் பார்ப்பவர், கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகிய சொற்கள் அப்படியே ஆங்கில எழுத்தில் நிற்பதைக் காணலாம். தெருவில் வழங்கும் சொல்லை எடுத்து, அதற்குப் பொருள் வரையறுத்துக் குற்றமாக்கினார்கள். நடைமுறையில் அச்சட்டம் எப்படிச் செயல்பட்டது என்பது வேறு விவாதம். சொல்லுக்கு வரையறை எழுத முடியும் என்பதற்கு அது சான்று. மும்பையில் தலைமையகம் கொண்ட ரிசர்வ் வங்கிக்கு அது முடியாத காரியமாக இருந்தது.

விளைவை ரிசர்வ் வங்கியே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2024 அக்டோபரில் நான்கு நிதி நிறுவனங்கள் மிகை வட்டி வாங்குவதாகக் கூறி, அவை புதிய கடன் வழங்கத் தடை விதித்தது. மூன்று மாதங்களுக்குள் நான்கின் மீதான தடையும் நீங்கிற்று.

அதே 2022இல், மே மாதத்தில், இன்னொரு கதவு சாத்தப்பட்டது. நெடும்பிள்ளி நிதி நிறுவனம் கேரள அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களுக்கு மாநில லேவாதேவிச் சட்டங்கள் பொருந்தா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பின்பற்றி 2023 பிப்ரவரியில் தெலுங்கானா உயர் நீதிமன்றம், 2010ஆம் ஆண்டுச் சட்டமும் அந்நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது என்றது. ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு இல்லை. மே 10 முதல் மாநிலத்தின் உச்சவரம்பும் இல்லை. நாற்பது நாட்களுக்குள் நடந்தது இது. 2025இல் கர்நாடகமும் தமிழ்நாடும் கொண்டுவந்த சட்டங்கள் வரவேற்கத்தக்கவை. ஆனால் அவை தண்டிப்பது பலவந்த வசூலை. பதிவு பெற்ற நிறுவனத்தின் வட்டி விகிதத்தில் அவை கை வைக்கவில்லை, வைக்கவும் இயலாது.

வட்டிக் கணக்கையும் சற்று விரிவாகப் பார்த்துவிடுவது நல்லது. கிளைக் கூட்டங்களில் தோழர்களே இதில் தடுமாறுவதுண்டு. 10,000 ரூபாய் கடன். 15 சதவீத வட்டி என்று சொல்கிறார்கள். வட்டி 1,500. வாரம் 230 ரூபாய் வீதம் 50 வாரம். கணக்குச் சரிதானே என்று தோன்றும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. பாதி ஆண்டு கடந்தபின் அவர் கையில் இருக்கும் நிறுவனத்தின் பணம் ஏறக்குறைய பாதிதான். வட்டியோ முழுத் தொகைக்கும். ஆண்டு முழுவதும் அவர் சராசரியாக வைத்திருந்தது 5,000 ரூபாய்க்குச் சற்று மேல் என்பதால், உண்மையான வட்டி ஏறத்தாழ 30 சதவீதம். இதற்கு மேல் செயல்முறைக் கட்டணமும் காப்பீட்டுப் பிரீமியமும் முன்பே பிடிக்கப்பட்டால், கைக்கு வந்த பணம் இன்னும் குறைவு, விகிதம் இன்னும் அதிகம். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி வங்கிகளிடமிருந்து. வங்கி நேரடியாக ஏழைக்குக் கடன் தராமல், நுண்நிதி நிறுவனத்துக்குத் தந்தாலும் முன்னுரிமைத் துறைக் கடனாகக் கணக்கில் வந்துவிடுகிறது. மக்களின் சேமிப்பு, இடையில் ஒரு லாபக்காரரைக் கடந்து, மக்களுக்கே இரு மடங்கு விலையில் வருகிறது.

மூன்றாவது கதவு திவால் சட்டம். இது பலரும் அறியாதது. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் 'புதிய தொடக்கம்' என்றொரு அத்தியாயம் உண்டு. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேற்படாமலும், சொத்து 20,000 ரூபாய்க்கு மேற்படாமலும், கடன் 35,000 ரூபாய்க்கு மேற்படாமலும், சொந்த வீடு இல்லாமலும் இருப்பவர் விண்ணப்பித்துக் கடனிலிருந்து விடுதலை பெறலாம். வாசலில் ஆளை வைத்துக்கொண்டு தவிக்கும் பெண்ணுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது அல்லவா? அந்த அத்தியாயம் சாதாரணக் கடனாளிகளுக்கு இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. தனிநபர்களில், கம்பெனிக் கடன்களுக்கு உத்தரவாதம் அளித்தவர்கள் பற்றிய பகுதி மட்டுமே 2019 டிசம்பர் முதல் செயல்படுகிறது. கம்பெனிகளுக்கான பகுதி 2016 முடியும் முன்பே செயல்படத் தொடங்கிவிட்டது. 2014-15 முதல் பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாயைக் கணக்கேட்டிலிருந்து நீக்கியதாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நீக்குவது தள்ளுபடி அன்று, வசூல் தொடரும் என்று நிதி அமைச்சகம் விளக்கம் சொல்லும். அப்படியே இருக்கட்டும். அந்தக் கடனாளிகளின் வாசலில் எவரும் போய் அமர்ந்ததாகச் செய்தி இல்லை.

இங்கே ஒரு எதிர்வாதத்துக்கு நேர்மையாக முகங்கொடுக்க வேண்டும். உச்சவரம்பு விதித்தால் நிறுவனங்கள் விலகிவிடும், ஏழைகள் மீண்டும் தண்டல்காரரிடம் போவார்கள் என்பது அவ்வாதம். நிறுவனங்களின் தன்னலத்தால் சொல்லப்படுவதுதான்; ஆனால் முற்றிலும் பொய்யன்று. 2010க்குப் பின் ஆந்திரத்தில் பெண்கள் பலர் வட்டிக்காரரிடம் திரும்பிப் போகவே செய்தனர். ஆகவே உச்சவரம்பை மட்டும் கேட்கும் இயக்கம் பாதி வழியில் நிற்கும் இயக்கமாகும். அதே ஆந்திரத்தில் சுயஉதவிக் குழுக்களுக்கு வங்கிக் கடனை 'பாவலா வட்டி'க்கு, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் கால் ரூபாய் வீதம் ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு, மாநில அரசின் மானியத்தோடு தரும் திட்டமும் இருந்தது. கேரளத்தில் 2018இல் பாலக்காட்டில் தொடங்கிய 'முற்றத்தெ முல்ல' திட்டத்தில், கூட்டுறவுச் சங்கங்கள் குடும்பஸ்ரீ பெண்கள் வழியாக 12 சதவீதத்தில் சிறுகடன் தருகின்றன. வீட்டுக்கே வந்து தருவதும் வீட்டிலேயே தவணை வாங்குவதும் வட்டிக்காரரின் பலம் என்பதை உணர்ந்து அமைத்த திட்டம் அது. பொதுத்துறை வங்கிக் கிளையில் இதே 25,000 ரூபாய்க்கு ஒரு பெண் எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கிறது என்பதைத் தோழர்கள் அறிவீர்கள்.

எனவே கட்சி முன்வைக்கும் கோரிக்கைகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. உண்மை வட்டிக்குச் சட்டப்படியான உச்சவரம்பு. மாநிலங்களின் அதிகாரத்தை மீட்கும் சட்டத் திருத்தம். 'புதிய தொடக்கம்' அத்தியாயத்தை உயர்த்திய வரம்புகளோடு உடனே நடைமுறைப்படுத்துதல். முன்னுரிமைத் துறைக் கடனை வங்கிகள் நேரடியாக வழங்குதல். நாடாளுமன்றத்தில் இவை நாளையே நிறைவேறப் போவதில்லை.

அதுவரை, இருக்கும் விதிகளையாவது பயன்படுத்த வேண்டும். பெண்களில் பெரும்பாலோர் இவற்றைக் கேள்விப்பட்டதே இல்லை. தவணை வசூல், இரு தரப்பும் ஒப்பிய பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். அங்கே தொடர்ந்து இரண்டு முறை வராதபோதுதான் வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. உறவினரையோ நண்பரையோ உடன் வேலை செய்பவரையோ தொந்தரவு செய்வது குற்ற நடத்தை. கடன் அட்டை கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். காப்பீட்டை அவர் முழுச் சம்மதமின்றித் திணிக்கக் கூடாது. முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதி என்பதே கொடுமையான அளவு, எனினும் அதைத் தாண்டிக் கொடுத்திருந்தால் தவறு நிறுவனத்தினுடையது. எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோழரும் தம் பகுதியில் பத்துக் கடன் அட்டைகளையாவது நேரில் பார்த்து, எழுதிய தொகை, உண்மையில் கைக்கு வந்த தொகை, பிடித்தங்கள், தவணைத் தொகை, தவணைகளின் எண்ணிக்கை, அட்டை எந்த மொழியில் இருக்கிறது என்ற ஆறு விவரங்களையும் குறித்துக்கொண்டு வர வேண்டும். கடன் பெற்றவரின் பெயர் தேவையில்லை. பெயர் கேட்டால் அட்டையைக் காட்டத் தயங்குவார்கள்.