பழைய ஜீப்பும் மின்சாரக் கோளாறும்

இரண்டாம் உலகப் போருக்கென 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியது வில்லிஸ் ஜீப். போருக்குப் பின் மகீந்திரா நிறுவனம் அதனை இந்நாட்டில் தயாரிக்கவே, காடு மேடு எங்கும் செல்லும் வண்டி என்றால் ஜீப் என்றே நம் மக்கள் கொண்டனர். அப்பழைய வண்டியைப் பேணுவோர் ஹைதராபாத்தில் இன்றும் உளர். அது கிளம்ப மறுத்தால் காயிலை மாற்று, பிளக்கை மாற்று என்று பொருளைச் செலவிடுவதே வழக்கமாக இருக்கிறது. கோளாறோ பெரும்பாலும் ஒரு துருப்பிடித்த இணைப்பில் ஒளிந்திருக்கும்.

நான் வசிக்கும் ஏ.எஸ்.ராவ் நகர், எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனை நிறுவிய விஞ்ஞானியின் பெயர் தாங்கியது. எனினும் ஜீப்பைச் சோதிக்க நுண்கருவி எதுவும் வேண்டுவதில்லை. இரு கம்பிகள் பொருத்திய சிறு பல்பு ஒன்று போதும். போர்க்கால வண்டிக்கு 6 வோல்ட் பல்பு. பின்னால் வந்த 12 வோல்ட் வண்டிக்கு அதற்கேற்ற பல்பு.

முதலில் முகப்பு விளக்கை ஏற்றிவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். விளக்கு அறவே மங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கும். அல்லது அதன் முனைகளில் பூத்திருக்கும் உப்பே காரணமாகும். மங்காமலே இருந்து எஞ்சினும் சுழலாவிடில் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் செல்லவில்லை.

இவ்விடத்தில் 'எர்த்' என்பதைப் பற்றி ஒரு சொல். இதனை 'மண் இணைப்பு' என்று மொழிபெயர்த்தால் பொருள் கெடும். ரப்பர்ச் சக்கரத்தின் மேல் நிற்கும் வண்டிக்கு மண்ணோடு என்ன உறவு? வண்டியின் இரும்புச் சட்டமே மின்சாரம் திரும்பி வரும் பாதை. எஞ்சினோ ரப்பர் மெத்தைகளின் மீது அமர்ந்திருப்பது. அதனைச் சட்டத்தோடு பிணைப்பது ஒரு பின்னற்பட்டை. அது அற்றுப்போனால், ஸ்டார்ட்டருக்குரிய பெருமின்சாரம் மெல்லிய சோக் கம்பி வழியே திரும்ப முயலும். சோக் கம்பி சுட்டால் பட்டையைப் பாருங்கள். 6 வோல்ட் வண்டியில் அரை வோல்ட் இழப்பும் பெரிதே.

எஞ்சின் சுழன்றும் பற்றவில்லையெனில், சோதனை பல்பின் ஒரு கம்பியைச் சட்டத்திலும் மற்றதைக் காயிலில் சுவிட்சிலிருந்து வரும் முனையிலும் வையுங்கள். சுவிட்சைப் போட்டதும் எரிந்தால் அதுவரை பழுதில்லை. அடுத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் முனையில் வைத்து எஞ்சினைக் கையால் திருப்புங்கள். பாயிண்ட் திறக்கையில் விளக்கு எரிந்து, மூடுகையில் அணைய வேண்டும். எப்போதும் எரிந்தால் பாயிண்ட் அழுக்கேறியுள்ளது. அதனைச் சுத்தம் செய்து, இடைவெளியை அரை மில்லிமீட்டராக வைக்கலாம். ஒருபோதும் எரியாவிடில் பாயிண்ட் திறக்கவில்லை, கண்டென்சர் பழுது, அல்லது காயிலின் உட்சுற்று அறுந்தது. பாயிண்ட் அடிக்கடி கருகுமாயின் கண்டென்சரையே ஐயுறுக.

மழைக்கு மறுநாள் மட்டும் அடம் பிடிக்கும் வண்டிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

அஞ்சத்தக்கது வேறொன்று. துணியுறை போர்த்திய பழங்கம்பிகள் இரும்புத் துளைகளில் உராய்ந்து உறை கிழியும். பெட்ரோல் குழாய்க்கு அருகே அது நேர்ந்தால் வண்டியே எரிந்துபோகும். புதுக் கம்பி இழுப்போர் பியூஸையும் சேர்த்துப் பொருத்துக. துளைதோறும் ரப்பர் வளையமும் இடுக. கம்பியிற் கைவைக்கு முன், பேட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.