தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



பிள்ளை மடுவத்துக்கு வரும் பிள்ளைகளில் இந்த மாதமும் இருமல் கூட. அதிலும் பழைய கல் லயத்துப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். காம்பராவுக்குள்ளே போய்ப் பார்த்தேன். இடுப்பளவுக்குச் சுவர் கறுத்துக் கிடக்கிறது. பாயைத் தூக்கினால் அடியில் பூஞ்சணம். "மலையில் இதெல்லாம் சகஜம்தானே ஐயா" என்று ஒரு அம்மா சொன்னாங்க. சகஜம் இல்லை அம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் ஊர் கண்டக்குழி. கற்பிட்டிப் பக்கம், கடற்கரை. மணல் தரை, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும். மாமியார் வீட்டுச் சுவர் ஓதம் அடிக்கிறது என்று, செலவைக் குறைக்க கரை மணலையே அள்ளி சீமெந்தில் குழைத்துப் பூசச் சொன்னேன். மேசன் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. ஒரு மாரிக்குள்ளே பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்தது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும் என்று அன்றுதான் படித்துக்கொண்டேன். மாமியார் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

இங்கே கடலும் இல்லை, உப்பு மணலும் இல்லை. ஆனால் தப்பு அதேதான். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மேலே பூசுகிறோம். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி, கல்லும் காரையும் மண்ணின் ஈரத்தை மேலே உறிஞ்சும். வெள்ளைக்காரன் காலத்து லயங்களில் பெரும்பாலும் ஈரத்தடுப்புப் படை கிடையாது. சுண்ணாம்புச் சுவராக இருந்தால் ஈரம் மெல்ல வெளியே போகும். அதன்மேல் கனமாக சீமெந்து பூசினால் உள்ளேயே அடைபட்டு இன்னும் உயர ஏறும்.

ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு அடிச் சதுரப் பொலித்தீனைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடிப்பக்கம் நீர் முத்து நின்றால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேற்பக்கம் நனைந்தால், காம்பராவுக்குள்ளே உடுப்புக் காயப்போடுவதும் அடுப்பு ஆவியும்தான் காரணம்.

மண்ணிலிருந்து வந்தால் பின்பக்கத்துக் கானைப் பாருங்கள். நான் பார்த்த லயத்தில் மலைப்பக்கக் கான் மூடி, அதன்மேல் லீக்ஸ் பாத்தி! பாத்தி போட்டவர் இங்கேதான் சிரித்துக்கொண்டு இருக்கிறார். வெளிமண் உள்தரையைவிட அரை அடியாவது தாழ இருக்க வேண்டும். கான் தண்ணீரைச் சுவரைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். பீலி ஒழுகினால் அதையும் அடையுங்கள். பாதி ஈரம் இதிலேயே போய்விடும்.

பலகைத் தரை போட்ட பழைய குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கிறது. காற்றுப் போக அடியில் ஓட்டைகள் வைத்துத்தான் கட்டினார்கள். நாம் குளிருக்குச் சாக்கை அடைத்து, உள்ளே விறகையும் அடுக்கிவிட்டோம். விறகு கறையானுக்கு விருந்து. மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்டினால் உளுத்துப்போகத் தொடங்கும். ஸ்க்ரூ ட்ரைவரால் தீராந்தியைக் குத்துங்கள், வெண்ணெய் மாதிரி இறங்கினால் அந்தப் பலகையில் நடக்காதீர்கள், நிர்வாகத்துக்கு அறிவியுங்கள். நல்ல மரமாக இருந்தால் விறகை வெளியே எடுங்கள், ஓட்டைகளைத் திறந்து எலிக்குக் கம்பி வலை அடியுங்கள், மண்ணை மூடிக் கனத்த பொலித்தீன் விரியுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஒரு அடி ஏறட்டும். நம்ம பனிமூட்டத்தில் காற்றே ஈரம்தானே, அதனால் ஓட்டையை மட்டும் நம்பினால் பத்தாது.

இனி சொல்வதைப் பிள்ளைகளும் கேளுங்கள். தரையில் புதிதாக ஊற்று எடுத்தால், கலங்கல் தண்ணீர் வந்தால், சுவர் திடீரென்று வெடித்தால், கதவு சாத்த முடியாமல் இறுகினால், அது ஓதம் இல்லை. மலை நகருகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்துவிட்டோமா? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்தென்று முன்பே சொல்லியிருந்தது. போக வேறு இடம் இல்லாமல் சனம் அங்கேயே இருந்தது. அந்த நிலைமை நமக்கும் புதிதில்லை, எனக்குத் தெரியும். என்றாலும் அன்றைக்குச் சட்டி பானையைப் பார்க்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறி 117க்கு அடியுங்கள். இரவென்றாலும் என் கதவைத் தட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் லயத்துக் கானிலிருந்து ஆரம்பிக்கிறோம். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். லீக்ஸை முதல்நாளே பிடுங்கிவிடுங்கள், ஐயா.