ஆளுக்கு ஒரு கை



பஞ்சாபில் பக்வாரா என்று ஒரு சிறிய ஊர். அங்கிருந்த ஜே.சி.டி. என்ற துணி ஆலை 1971இல் ஒரு கால்பந்துக் குழுவைத் தொடங்கியது.

1996இல் முதல் தேசியக் கால்பந்து லீக் வந்தது. கொல்கத்தா, கோவா குழுக்களும் ஆடின. 1997இல் கோப்பை பக்வாராவுக்கே! கேரளத்து விஜயனும் சிக்கிமின் பூட்டியாவும் அந்தக் குழுவில் ஆடினார்கள். பூட்டியா 14 கோல் போட்டார்.

2011இல் குழு தோற்றுக் கீழே இறங்கியது. அதே ஆண்டு ஆலை குழுவைக் கலைத்துவிட்டது. 40 ஆண்டு உழைப்பு அதோடு நின்றது.

தோற்றவர் மறுபடி ஜெயிக்கலாம். கலைந்த குழு எப்படி ஜெயிக்கும்? அதைத் தாங்கியது ஒரே கை. அது விலகியதும் குழு விழுந்தது.

நம் வாசிப்பு வட்டத்தையும் ஒருவரே தாங்க முடியுமா? ஆளுக்கு ஒரு கை கொடுப்போம்.