லேத்தை மேசையில் அமர்த்துதல்

புனேயை அடுத்த பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி ஆகிய பகுதிகளில் சிறு பட்டறைகளுக்குக் குறைவில்லை. 1946-ல் புனேயில் எண்ணெய் எஞ்சின் ஸ்தாபனத்தைத் தொடங்கிய கிர்லோஸ்கர் குடும்பத்தார், அதற்கு முன்பே, 1941-ல், ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கரை நிறுவி, லேத் எனப்படும் கடைசல் இயந்திரங்களைச் செய்யலாயினர்.

இத்தகைய பட்டறையில் சிறிய லேத் ஒன்றை மேசைமீது அமர்த்த விரும்புவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, அதன் வார்ப்பிரும்புப் படுகை பார்வைக்கு எத்துணைத் திடமாகத் தோன்றினும், சமமற்ற தளத்தில் போல்ட்டுகளை இறுக்கிய மாத்திரத்தில் கண்ணுக்குப் புலப்படாமல் முறுக்கிக்கொள்ளும் சுபாவமுடையது என்பதே. ஆகவே, மேசையைத் தரையோடு அசையாது பிணைத்து, நுட்பமான ரசமட்டத்தைப் படுகையின் குறுக்கே இரு முனைகளிலும் வைத்து, இரண்டு அளவும் ஒன்றாகும்வரை பாதங்களின் அடியில் மெல்லிய தகடுகளைச் செருகி, பிறகே போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றி இறுக்குதல் உத்தமம். அவசரக்காரருக்கு இது சோதனைதான்!

லேத்தைத் தூக்கும்போது, சுழல்தண்டைத் தாங்கும் ஹெட்ஸ்டாக் பக்கமே பாரம் மிகுதி. தூக்கும் கயிறு, படுகையின் நெடுகே செல்லும் லீட் ஸ்குரு என்ற திருகுத் தண்டை அழுத்தினால் அத்தண்டு வளைந்துவிடக்கூடும். மோட்டாருக்கு எர்த் இணைப்பும் அவசியம்.

மேசை மரத்தாலானதாயின், ஜூன் மாதத்தில் புனேயில் மழை தொடங்கியதும் பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பக்கூடுமாதலால், ரசமட்டத்தை மறுபடியும் வைத்துப் பார்க்க வேண்டும்.